முதுகுப் பக்கம் வருகிற ஆள்

"எங்க அண்ணன் வீட்டுல சத்தம் போட்டுக்கூடப் பேசமாட்டான் சார், ஜெயிலுக்குப் போன மூணாவது மாசமே ஒருத்தனை அடிச்சிருக்கான், அது எப்படி?" என்று அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஏழரைச் சனி என்று ஊரில் சொல்கிறார்களாம். சனிக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

பொதுவான விளக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுதந்திரம், சொந்தப் பொருள், துணை, பாதுகாப்பு எல்லாம் பறிபோவதால் வரும் கொதிப்பு என்றார் கிரெஷம் சைக்ஸ் (1958). இல்லை, வெளியிலிருந்து கொண்டுவரும் சுபாவமும் பழக்கமும்தான் காரணம் என்றார்கள் இர்வினும் கிரெஸியும் (1962). ஊர்ப்பகையும் சாதிப்பகையும் மதில் தாண்டி உள்ளே போகும் என்பதை நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டுமே உண்மைதான்.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது அகஸ்டஸ் கின்செல் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1970-ல் வெளியிட்ட சோதனை. வெறும் அறை, நடுவில் ஒரு கைதி. மருத்துவர் எட்டுத் திசையிலிருந்தும் ஒவ்வொரு முறையாக மெதுவாக நடந்து வருவார், இதற்கு மேல் கிட்ட வரக்கூடாது என்று தோன்றியதும் கைதி "நில்" என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். அந்தப் புள்ளிகளை இணைத்தால் அவரைச் சுற்றி ஒரு வட்டம் கிடைக்கும். அடிதடிக்காரர்கள் 8 பேரின் வட்டம் மற்ற 6 பேருடையதைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு பெரிது! அதைவிட ஆச்சரியம், சாதுவானவர்களுக்கு வட்டம் முன்பக்கம் பெரிதாக இருந்தது, இவர்களுக்கோ முதுகுப் பக்கம். நடந்து வந்த மருத்துவரை, பாய்ந்து வருகிறார் என்றே சிலர் உணர்ந்தார்கள். 14 பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாதுதான், ஆனாலும் அந்த முதுகு விஷயத்தை என்னால் மறக்க முடியவில்லை.

இந்த வட்டத்தை மூளையில் காவல் காப்பது, பயத்தை உணர உதவும் அமிக்டலா என்ற சின்னப் பகுதி, மூளையின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று இருக்கும். அது இரண்டு பக்கமும் சேதமான ஒரு பெண்மணி, 2009-ல் வெளியான ஆய்வில், முன்பின் தெரியாத ஆளிடம் சுமார் 34 சென்டிமீட்டரில் நிம்மதியாக நின்றார். மற்றவர்களுக்குச் சராசரியாக 76 தேவைப்பட்டது.

நெருக்கடி மட்டுமே காரணமா என்றால் அதுவும் இல்லை. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வடத்தைப் பிடித்திருக்கும்போது மூச்சுவிட இடமிருக்காது, யாரும் யாரையும் அடிப்பதில்லை, ஏனென்றால் பின்னால் நெருக்குகிறவனும் நம்மோடு இழுக்க வந்தவன் என்று தெரியும். ஜெயிலில் அது தெரியாது. 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் 100 பேருக்கான இடத்தில் 131 பேர், மொத்தக் கைதிகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், பக்கத்தில் படுத்திருப்பவன் யார் என்றே தெரியாத புது ஆட்கள்.

அதே சோதனையைக் கின்செல் வாரா வாரம் செய்து பார்த்தார், வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. சுபாவம் என்று நாம் முத்திரை குத்துவதில் ஒரு பகுதி பழக்கத்தில் மாறுகிறது! பாளையங்கோட்டை ஜெயிலில் இதைச் செய்ய ஒரு சாக்பீஸும் அளவு டேப்பும் போதும், இந்த மாதிரிச் சின்ன ஆய்வுக்குப் பணம் ஒதுக்காமல் எல்லாவற்றையும் கேமரா மாட்டுவதில் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அம்பாசமுத்திரத்துத் தம்பிக்கு: அடுத்த தடவை மனு போட்டு அண்ணனைப் பார்க்கும்போது, ஏன் அடித்தாய் என்று கேட்பதற்கு முன்னால், ராத்திரி எங்கே படுக்கிறாய், சுவரோரமா நடுவிலா என்று கேளுங்கள்.