கார்பன் அம்பு கோணாது. அதனால்தான் சோதிக்க வேண்டும்

வில்லையும் அம்பையும் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். வேட்டைப் பருவம் நெருங்க நெருங்க, வருகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "போன பருவத்து அம்புகள் அப்படியே இருக்கு. இதையே வச்சுக்கலாமா, புதுசு வாங்கணுமா?" கேட்டுக்கொண்டே ஒரு அம்பை எடுத்து மேசையில் உருட்டிக் காட்டுவார்கள். ஆடாமல் உருளும். "பாருங்க, நேராத்தான் இருக்கு" என்பார்கள்.

நேராக இருப்பது உண்மைதான். ஆனால் கார்பன் அம்பு விஷயத்தில் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மர அம்பு ஈரத்தில் கோணிவிடும். அலுமினிய அம்பு கல்லில் பட்டால் வளைந்து அப்படியே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியும், ஓரளவு நிமிர்த்தவும் முடியும். கார்பனில் 'கொஞ்சம் கோணல்' என்ற நிலையே கிடையாது. வளைத்தால் பழையபடி நிமிரும், தாங்கமுடியாத எல்லை வந்தால் உடைந்துவிடும். ஆனால் இரண்டுக்கும் நடுவே இன்னொரு நிலை உண்டு. வெளியே நேராக இருக்கும், உள்ளே விரிசல் விட்டிருக்கும். எனக்குக் கவலை தருவது அந்த அம்புதான்.

தண்டு என்பது எபாக்ஸி பிசினில் ஊறிய கார்பன் இழைகளாலான குழாய். இழைகளில் பெரும்பகுதி நீளவாக்கில் ஓடும். வளைவைத் தாங்குவது அவைதான். ஆரம்பகாலக் கார்பன் அம்புகளில் கிட்டத்தட்ட எல்லா இழைகளும் நீளவாக்கிலேயே இருந்ததால், அடிபட்டால் நெடுக்காகப் பிளந்துவிடும். பின்னால் சாய்வாகவும் குறுக்காகவும் அடுக்குகளைச் சுற்ற ஆரம்பித்ததும் தாங்குதிறன் கூடியது. இருந்தாலும் அடிப்படை மாறவில்லை. இழை வலுவானது, இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பிசின்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். அம்பு ஒரு பாறையில் சாய்வாகப் பட்டால் பிசினில் மயிரிழை விரிசல் விழும், அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். மேலே ஒரு சின்னக் கீறல் தெரியலாம், சில நேரம் அதுவும் தெரியாது.

அப்புறம் அதே அம்பை நாணில் ஏற்றுகிறோம். நாண் விடுபடும் கணத்தில் பின்னாலிருந்து பெரும் விசை தள்ளும். முன்முனையின் எடை அதை எதிர்க்கும். நடுவில் இருக்கும் தண்டு ஒரு பக்கம் வளைந்து, மறு பக்கம் வளைந்து, அதிர்ந்துகொண்டேதான் பறக்கிறது. நல்ல தண்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. விரிசல் விட்ட தண்டில் அந்த விரிசல் ஒவ்வொரு எய்தலிலும் கொஞ்சம் நீளும். ஒருநாள் நாண் விட்ட அதே கணத்தில் தண்டு சிதறும்.

சிதறினால் வில்லைப் பிடித்திருக்கும் கைதான் அடி வாங்கும். உடைந்த பின்பாதியை நாண் தன் முழு வேகத்தோடு முன்னால் தள்ள, அது கட்டைவிரல் அடியிலோ மணிக்கட்டிலோ முன்கையிலோ ஏறும். பெரிய துண்டை விடத் தொல்லை தருவது அதோடு உள்ளே போகும் மெல்லிய சிராய்கள். எக்ஸ்ரே கதிர் கார்பன் இழையை ஊடுருவிப் போய்விடுவதால் படத்தில் அவை எளிதில் தெரியாது. எனவே இப்படிக் காயப்பட்டவர், குத்தியது கார்பன் அம்பு என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆழமாக ஏறிய துண்டை அங்கேயே பிடுங்கக் கூடாது. அசையாமல் கட்டிக்கொண்டு போக வேண்டும். கீழே விழுந்த துண்டுகளையும் பொறுக்கிக் கொண்டுபோனால் உள்ளே எவ்வளவு தங்கியிருக்கும் என்று கணிக்க உதவும்.

இவ்வளவையும் தடுக்கும் சோதனை அரை நிமிட வேலை. ஒரு கை முன்முனைக்குப் பின்னால், மறு கை வால்பக்கம். முகத்திலிருந்து விலக்கிப் பிடித்து, பக்கத்தில் யாரும் இல்லாமல், நடுப்பகுதி ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் விலகும் அளவுக்கு மெல்ல வளைக்க வேண்டும். கொஞ்சம் திருப்பி மறுபடி வளைக்க வேண்டும். ஒரு முழுச் சுற்று வரும்வரை இப்படியே. நல்ல அம்பு சத்தமே போடாது. பழுதான அம்பு காய்ந்த சுள்ளி மிதிபட்டாற்போல நெரியும். பிறகு இரு முனைகளையும் எதிரெதிராக முறுக்கிப் பார்க்க வேண்டும். தளர்ந்து கொடுத்தால் அந்த அம்பு முடிந்தது. கடைசியாக ஒரு பஞ்சுத் துண்டை வைத்துத் தண்டு முழுக்க உருவ வேண்டும்.

அண்மையில் ஒருவர் கொண்டுவந்த அம்புகளில் இப்படி ஒன்று மாட்டியது. மேலுக்குப் புதுக்கருக்குக்கூட மாறவில்லை. வளைத்தபோது மூன்று பக்கமும் அமைதி, நான்காவது பக்கம் மட்டும் ஒரு 'க்ரிக்'. பஞ்சை உருவினால் முன்முனையிலிருந்து இரண்டு விரற்கடை பின்னால் ஒரே இடத்தில் நூல் பிடித்தது. நகத்தால் தடவினால்கூடப் புலப்படாத சிராய். உள்ளே இருக்கும் இன்செர்ட், அதாவது முனையைத் திருகும் உலோகத் துண்டு, முடிகிற இடம் அதுதான். கடினமான ஒன்றில் மோதும்போது உலோகம் நகராது, அதற்குப் பின்னால் உள்ள வெறுங்குழாய்தான் மடங்கப் பார்க்கும். ஆகவே முதலில் சோதித்துப் பார்க்க வேண்டிய இடமும் அதுவே.

வயதைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எத்தனை வருஷம் ஆச்சு என்பதை விடுங்கள், எதில் எதில் பட்டது என்று சொல்லுங்கள். சூடும் வெயிலும் படாமல் அலமாரியில் கிடந்த வருஷங்கள் தண்டைப் பெரிதாக எதுவும் செய்துவிடாது. நேற்று வாங்கிய அம்பு இன்று பாறையில் பட்டிருந்தால் அதுதான் கிழடு. ஒரே பெட்டியில் வந்த பன்னிரண்டு அம்புகளும் ஒரு பருவத்துக்குப் பிறகு பன்னிரண்டு விதமாக ஆகியிருக்கும். மொத்தமாகப் பார்த்து 'நல்ல செட்டு' என்று சொல்லவே முடியாது.

குறி தவறுவதையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். அம்புகளில் போட்டிருக்கும் 340, 400, 500 என்ற ஸ்பைன் எண், 28 அங்குல இடைவெளியில் தண்டைத் தாங்கி நடுவில் 1.94 பவுண்டு, அதாவது சுமார் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் அது எவ்வளவு தாழ்கிறது என்பதைச் சொல்கிறது. 400 என்றால் 0.400 அங்குலம். நல்ல தண்டில் இந்த விறைப்பு சாதாரண உபயோகத்தில் குறைந்து நான் பார்த்ததில்லை. தண்டு எவ்வளவு நேராக இருக்கிறது என்பதற்கு 0.001, 0.003, 0.006 அங்குலம் என்று அச்சிடும் அளவும் அப்படியே. பழைய அம்பு விலகிப் போகிறதென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது தண்டை அல்ல, அதில் ஒட்டியிருப்பவற்றை.

நாணைப் பற்றும் பிளாஸ்டிக் கவ்விதான் அவற்றில் முதன்மையானது. இலக்கில் நெருக்கமாக எய்பவர்களின் அம்புகளில் ஒன்றன் வாலில் இன்னொன்று உரசும். கவ்வியின் ஓர் இதழில் வெள்ளையாக ஒரு கோடு விழும். அந்தக் கவ்வி நாண் விடும்போது உடைந்தால், அம்பு இல்லாமல் வெறும் நாணை விட்டதற்குச் சமம். வில்லின் கரங்களே விரிசல் விடலாம். கவ்வி மலிவான பொருள், சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள். நாணில் சின்ன 'டிக்' சத்தத்தோடு ஏற வேண்டும், லேசாகத் தட்டினால் கழல வேண்டும்.

ஒவ்வோர் அம்பின் இறகிலும் ஓர் எண் எழுதி வையுங்கள். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் அலுக்க மாட்டேன். எண் இல்லாவிட்டால் விலகிப்போன அம்பு கூட்டத்தில் கலந்துவிடும், பழி எய்தவர் கையின்மேல் விழும். எண் இருந்தால், 7-ம் எண் அம்பு மட்டும் திரும்பத் திரும்ப வலப்பக்கம் போவது தெரிந்துவிடும். அதன் கவ்வியை மாற்றிப் பாருங்கள், கொஞ்சம் திருப்பி வைத்துப் பாருங்கள். தண்டின் சுற்றில் ஒரு பக்கம் மற்றதைவிடச் சற்று விறைப்பாக இருப்பது சகஜம், கவ்வியைத் திருப்பினால் அதுவே சரியாகிவிடலாம். எதற்கும் மசியாவிட்டால் அந்த அம்பு வேட்டைக்கு வேண்டாம்.

பயிற்சி முனையில் நன்றாகச் சேர்ந்து விழும் அம்புகள் வேட்டை முனையான பிராட்ஹெட்டைப் பொருத்தியதும் சிதறுவது உண்டு. நிலையான அலகுகள் முன்னால் இறக்கைபோல் வேலை செய்வதால், இன்செர்ட்டில் உள்ள சிறு கோணல்கூடப் பெரிதாகிவிடும். உருளைத் தாங்கியில் அம்பைச் சுழற்றி முனையை மட்டும் பாருங்கள். முனை நடுங்கினால் அதைக் கழற்றி வேறு அம்பில் போட்டுப் பாருங்கள். நடுக்கம் முனையோடு போகிறதா, தண்டோடு தங்குகிறதா என்று தெரிந்துவிடும். விலங்கின்மேல் எய்யப்போகும் அம்பு எங்கே விழும் என்பதை ஊகத்தில் விடுவது தகாது. வேட்டைக்கு எடுத்துப்போகும் ஒவ்வோர் அம்பையும் அதே முனையோடு ஒரு முறையாவது எய்து பார்த்து, அலகைத் தீட்டி, அப்புறம்தான் அம்பறாத்தூணியில் வைக்க வேண்டும்.

பராமரிப்பில் தண்டைக் கெடுப்பவை இரண்டு: நெருப்பும் கத்தியும். இன்செர்ட்டைக் கழற்ற நேரடியாகத் தீயில் காட்டினால் பிசின் வெந்துபோகும், அந்த இடம் பிறகு தேறாது. பழைய இறகைக் கூர்மையான கத்தியால் சீவினால் இழைகள் அறுபடும். மழுங்கிய சுரண்டி போதும். மூடிய வண்டிக்குள் வெயிலில் விட்டால் சூட்டில் இளகும் வகைப் பசை தளர்ந்து, இலக்கிலிருந்து உருவும்போது முனை அங்கேயே தங்கிவிடும். உருவும்போதும் இலக்கை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், ஆட்டி ஆட்டி அல்ல.

விலங்கின் உடலில் பாய்ந்த அம்பு முழுதாகத் திரும்பி வந்தாலும் அதே சோதனைகளைச் செய்த பிறகே மறுபடி நாணில் ஏற்றுங்கள், எலும்பில் பட்டிருக்கலாம். உடைந்திருந்தால் துண்டுகளைச் சேர்த்து வைத்து, எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். காயத்தைச் சுற்றியுள்ள இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள். கார்பன் சிராய் வயிற்றுக்குள் போகக் கூடாது.

சோதனையில் தோற்ற அம்பை மூலையில் சாய்த்து வைக்காதீர்கள். நேராக இருப்பதைப் பார்த்து வேறு யாராவது எடுத்து நாணில் ஏற்றிவிடுவார்கள். கவ்வியையும் முனையையும் கழற்றிக்கொண்டு, தண்டைத் துணியில் சுற்றி இரண்டாக உடைத்து, சிராய் குத்தாதபடி கட்டிக் குப்பையில் போடுங்கள்.