30 ஃப்ரேமில் வழுக்குகிறது, 45-ல் திக்குகிறது: ஏன்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுகிறேன். 16 ஜிபி ரேமை 32 ஜிபி ஆக்கினேன். திரையின் மூலையில் ஃப்ரேம் எண்ணிக்கை 45 என்று காட்டுகிறது. ஆனாலும் விமானம் திரும்பும்போது காட்சி விட்டுவிட்டு நகர்கிறது. என் நண்பன் 30-க்கு மேல் போகாமல் பூட்டி வைத்திருக்கிறான், அவனுடைய திரையில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிறது. குறைந்த எண் எப்படி நன்றாகத் தெரியும்?"

மூலையில் ஓடும் அந்த எண், அதாவது நொடிக்கு எத்தனை படம் (ஃப்ரேம்) வரையப்படுகிறது என்பது, வெறும் சராசரி. கண்ணுக்குச் சராசரி தெரியாது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் போனது, அந்த இடைவெளி ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாக இருந்ததா என்பதைத்தான் கண் உணர்கிறது.

சாதாரண மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதாவது 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு முறை திரையைப் புதுப்பிக்கிறது. இதை நேரம் தவறாத டவுன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு வரைந்து முடித்த படம் பஸ் கிளம்பும் நேரத்துக்குள் வந்தால் ஏறிக்கொள்ளும். ஒரு மில்லி செகண்ட் பிந்தினாலும் அடுத்த பஸ்தான். அதுவரை திரையில் பழைய படமே நிற்கும். படத்தை இப்படி பஸ்ஸுக்காகக் காத்திருக்கவைக்கும் வி-சிங்க் அமைப்பை அணைத்துவிட்டால் காத்திருக்காமல் பாதியிலேயே ஏறலாம், ஆனால் அப்போது திரையின் மேல்பாதியில் பழைய படமும் கீழ்ப்பாதியில் புதிய படமுமாகக் காட்சி கிழிந்து தெரியும்.

நொடிக்கு 45 படம், 60 பஸ். மூன்று படங்களுக்கு நான்கு பஸ் என்று வருகிறது. இரண்டு படங்கள் தலா ஒரு முறை காட்டப்படும், மூன்றாவது படம் இரண்டு முறை. அப்புறம் மறுபடி ஒன்று, ஒன்று, இரண்டு. இந்த இரட்டிப்பு நொடிக்கு எத்தனை தடவை நடக்கிறது? 60-லிருந்து 45-ஐக் கழியுங்கள்: 15 தடவை. 40 என்றால் 20 தடவை. 55 என்றால் 5 தடவை. 58 என்றால் நொடிக்கு இரண்டே தடவை. பள்ளி இயற்பியலில் இரண்டு இசைக்கவைகளை ஒன்றாக ஒலிக்கவிட்டு, அதிர்வெண்களின் வித்தியாசம்தான் விம்மல்களின் எண்ணிக்கை என்று படித்தோமே, அதே கணக்கு. இங்கே விம்மலைக் காதால் கேட்பதற்குப் பதில் கண்ணால் பார்க்கிறோம்.

சரி, ஒரு படம் இரண்டு முறை தெரிந்தால் கண்ணுக்கு என்ன நஷ்டம்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நகரும் பொருளைப் பார்க்கும்போது நம் கண் சும்மா இருப்பதில்லை, அந்தப் பொருளின் வேகத்திலேயே சீராகத் திரும்பிக்கொண்டே போகிறது. விமானம் திரும்பும்போது தூரத்துக் கட்டடம் ஒன்று நொடிக்கு 600 பிக்சல் வேகத்தில் நகர்கிறது என்று கொள்வோம். கண் ஒவ்வொரு 16.7 மில்லி செகண்டுக்கும் 10 பிக்சல் முன்னேறும். திரையில் அதே படம் மறுபடி வந்தால் கட்டடம் நின்ற இடத்திலேயே நிற்கும், கண் மட்டும் 10 பிக்சல் தாண்டிப் போயிருக்கும். விழித்திரையில் கட்டடம் பின்னோக்கி ஒரு வெட்டு வெட்டும். நொடிக்கு 15 வெட்டு என்றால் அது நடுக்கமாகத் தெரிகிறது. நொடிக்கு ஐந்து என்றால் இன்னும் மோசம், ஏனென்றால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்.

30-ல் என்ன ஆகிறது? எல்லாப் படமும் தவறாமல் இரண்டு முறை. இங்கேயும் கண் 10 பிக்சல் தாண்டத்தான் செய்கிறது. ஆனால் அது நொடிக்கு 30 தடவை, ஒரே சீராக நடப்பதால் மூளை அதை நடுக்கமாக எடுத்துக்கொள்வதில்லை, விளிம்பில் லேசான இரட்டைக் கோடாக ஏற்றுக்கொள்கிறது. நண்பரின் திரை கூர்மையில் கொஞ்சம் இழந்து சீரைப் பெற்றிருக்கிறது. துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறவருக்கு இந்தப் பேரம் கட்டாது. அடிவானம் மெல்லச் சாயும் விமானக் காட்சிக்கு இது நல்ல பேரம். 120 ஹெர்ட்ஸ் மானிட்டர் இருந்தால் 40-க்குப் பூட்டலாம். 25 மில்லி செகண்டுக்கு ஒரு படம், ஒவ்வொன்றும் மிகச் சரியாக மூன்று முறை.

மெமரி இதில் எங்கே வருகிறது? 30-க்குப் பூட்டினால் ஒவ்வொரு படத்துக்கும் 33.3 மில்லி செகண்ட் கிடைக்கிறது. அந்த அவகாசத்தைத் தாண்டவைக்கும் தாமதங்களில் பாதியாவது மெமரிப் பற்றாக்குறையால் வருபவை என்பது என் கணிப்பு.

முதலில் கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த மெமரி. 4096-க்கு 4096 பிக்சல் அளவுள்ள ஒரு டெக்ஸ்சர், அதாவது பொருளின் பரப்பில் ஒட்டப்படும் படம், பிக்சலுக்கு 4 பைட் வீதம் 64 எம்பி. அமுக்கி வைத்தால் பிக்சலுக்கு ஒரு பைட், 16 எம்பி. இதோடு அதன் பாதி அளவுப் பிரதி, கால் அளவுப் பிரதி என்று ஒரு வரிசையே சேமிக்கப்படுகிறது. தூரத்து மலைக்குச் சின்னப் பிரதி, பக்கத்து ஓடுபாதைக்குப் பெரிய பிரதி. இதற்கு மிப்மேப் என்று பெயர். இத்தனை பிரதிக்கும் எவ்வளவு கூடுதல் இடம்? நான்கில் ஒன்று, பதினாறில் ஒன்று, அறுபத்துநான்கில் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போனால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. இதைத் திருப்பிப் பாருங்கள்: மொத்த இடத்தில் முக்கால் பங்கை மிகப் பெரிய பிரதி ஒன்றே விழுங்குகிறது. டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்கும்போது பல விளையாட்டுகள் அந்தப் பெரிய பிரதியைத்தான் விட்டுவிடுகின்றன. ஒரு படி இறங்கியதில் முக்கால் பங்கு மெமரி காலியாகிறது, தூரத்துக் காட்சியில் ஒரு மாற்றமும் தெரிவதில்லை.

இந்த யோசனையை 1983-ல் லான்ஸ் வில்லியம்ஸ் வெளியிட்டார். அவர் அப்போது நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியின் கணினி வரைகலை ஆய்வகத்தில் இருந்தவர். அதற்கும் முன்னால், ஒரு பரப்பின் மேல் படத்தை ஒட்டும் முறையை 1974-ல் யூட்டா பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வில் எட் கேட்மல் எழுதினார். அந்தத் துறையின் வரைகலை ஆராய்ச்சிக்கு அமெரிக்க அரசின் பணம் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆராய்ச்சி விண்ணப்பத்திலும் உடனடிப் பயன் என்ன என்று எழுதச் சொல்லும் நம் ஊர் வழக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பத்து வருடம் கழித்துப் பயன் தரப்போவதை அந்தப் படிவத்தில் எப்படி நிரப்புவது?

கார்டின் மெமரி 8 ஜிபி என்று வைத்துக்கொள்வோம், அது நிரம்பிவிட்டால் மிச்சம் கணினியின் ரேமுக்குப் போகும், தேவைப்படும்போது திரும்பி வரும். இந்தப் போக்குவரத்துதான் தொல்லை. நடுத்தரக் கார்டு ஒன்று தன் மெமரியிலிருந்து நொடிக்கு 448 ஜிபி படிக்கும். ரேமிலிருந்து வரும் மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையிலோ நொடிக்குச் சுமார் 16 ஜிபிதான். 100 எம்பி வந்து சேர 6 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். ரேமும் நிரம்பினால் விண்டோஸ் கொஞ்சத்தை டிஸ்கில் ஒதுக்கி வைக்கும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஒரு தகவலைத் தேடி எடுக்கவே 10 மில்லி செகண்ட் அளவு ஆகும். அப்படி மூன்று தேடல் ஒரே ஃப்ரேமில் விழுந்தால் அந்த ஃப்ரேமின் நேரம் அநேகமாகத் தீர்ந்தது. எஸ்எஸ்டி இந்த வேதனையைப் பெரிதும் குறைத்துவிட்டது.

வாசகருக்கு 32 ஜிபி ஏன் கைகொடுக்கவில்லை என்பது இப்போது புரியும். பற்றாக்குறை இருந்தால் ரேம் சேர்ப்பது மருந்து, இல்லாவிட்டால் அது சும்மா கிடக்கும். 2006-ல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் 32 பிட் நிரல். அதனால் 4 ஜிபிக்கு மேல் முகவரி சொல்லவே முடியாது. பெட்டியில் 16 ஜிபி இருந்தாலும் நீண்ட பயணத்தின் கடைசியில், இறங்கப்போகும் விமான நிலையத்தின் காட்சிகள் ஏறும்போது மெமரி தீர்ந்து நிரல் நின்றுபோகும். லாக்ஹீட் மார்ட்டினின் பிரிபேர்3டி என்ற சிமுலேட்டர் 2017-ல் நான்காம் பதிப்பில் 64 பிட்டுக்கு மாறியபோதுதான் அதன் பயனர்களுக்கு அந்தச் சுவர் உடைந்தது.

ரேமைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவை ஓடும் நிரல்களிடமிருந்து மெமரித் துண்டுகளை (பக்கங்களை) பிடுங்குகின்றன, காலி ரேம் என்ற எண் உயர்கிறது, பார்க்கிறவருக்கு நிம்மதி வருகிறது. அடுத்த கணமே சிமுலேட்டர் அதே பக்கங்களைத் திரும்பக் கேட்கும், அங்கே ஒரு திக்கல். ரேமில் இடமில்லாததை விண்டோஸ் டிஸ்கில் ஒதுக்கி வைக்கும் பேஜ்ஃபைலை அணைத்தால் வேகம் கூடும் என்பதும் இதே ரகம். நிரல்களுக்கு விண்டோஸ் வாக்களிக்கக்கூடிய மெமரியின் உச்சம், ரேமும் பேஜ்ஃபைலும் சேர்ந்தது. அதைக் குறைத்தால் ரேம் மிச்சமிருக்கும்போதே நிரல் விழக்கூடும். அளந்து பார்க்காமல் கைமாறிக் கைமாறி வரும் இந்தப் பரிகாரங்களை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். தாயத்தாவது கணினியைக் கெடுப்பதில்லை.

அளப்பது கஷ்டமில்லை. சிமுலேட்டரின் டெவலப்பர் மோடில் ஃப்ரேம் காட்டியைத் திறந்தால், தாமதத்துக்குக் காரணம் மெயின் த்ரெட்டா (ப்ராசஸரில் ஓடும் முக்கிய வேலை வரிசை) கிராஃபிக்ஸ் கார்டா என்று அதுவே எழுதிக் காட்டும், மெமரிக் கணக்கும் அங்கேயே இருக்கும். ஒரே பறக்கும் பாதை, ஒரே வானிலை, ஒரே நேரம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு அமைப்பை மாற்றுங்கள். நியூயார்க்கின் மேல் பறந்தால் எல்லாப் பலவீனமும் வெளியே வரும்.

கார்டு என்று காட்டினால் ரெண்டர் அளவை, அதாவது கார்டு வரையும் பிக்சல்களின் எண்ணிக்கையை, குறையுங்கள். 4கே திரையில் முழு எச்டியைப் போல நான்கு மடங்கு பிக்சல். மெயின் த்ரெட் என்று காட்டினால் டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெய்லை இறக்குங்கள். நுணுக்கம் காட்டும் தூரம் இரட்டித்தால் வரைய வேண்டிய பரப்பு நான்கு மடங்காகிறது. அப்படியே கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸில், ரேமை அதன் விற்பனை வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி இயங்குகிறதா என்று பாருங்கள். 3200 என்று விற்ற ரேம் பல கணினிகளில் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு ரேம் பட்டைகளும் சரியான துளைகளில் இருந்தால்தான் இரண்டு பாதையும் திறக்கும். ப்ராசஸர் ரேமுக்காகக் காத்திருப்பது இந்த நிரல்களில் எவ்வளவு பெரிய செலவு என்பதற்கு, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரியான கேஷ் 96 எம்பியுடன் 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி ப்ராசஸர் சிமுலேட்டர்காரர்களிடம் பெற்ற வரவேற்பே சாட்சி.

இவ்வளவும் செய்தபின் நெருக்கமான நகரத்தின் மேலும் 30-க்குக் கீழே இறங்காவிட்டால் 30-ல் பூட்டிவிடுங்கள். ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் வகை மானிட்டர் இருந்தால் பஸ் படத்துக்காகக் காத்திருக்கும், பூட்டே தேவைப்படாது. வாங்குமுன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: அந்த வசதி எத்தனை ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது என்று. பல மலிவான மானிட்டர்களில் அது 48-ல்தான் தொடங்குகிறது. 45-ல் ஓடும் உங்கள் சிமுலேட்டர் அந்த எல்லைக்கு வெளியே நிற்கும்.