ஒற்றைப் பல்லை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள்: கோனடோன்ட்களை இனம் காணும் முறை

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், மேற்குக் கரையோரம் கிரீன் பாயின்ட் என்றொரு பாறைமுனை இருக்கிறது. அங்குள்ள களிப்பாறையும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காகத் தலைகீழாய்ப் புரண்டு கிடக்கின்றன. அவற்றில் 23-ஆம் அடுக்கில் கேம்ப்ரியன் காலம் முடிந்து ஆர்டோவிசியன் காலம் தொடங்குகிறது என்று 2000-இல் உலக நிலவியலாளர்கள் முறைப்படி முடிவு செய்தார்கள். சுமார் 48.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எல்லை இது. கோனடோன்ட்கள் என்பவை அழிந்துபோன, விலாங்கு போன்ற சிறு கடல்விலங்குகளின் புதைபடிவப் பற்கள். அவற்றில் இயாபெட்டோக்னாதஸ் ஃபிளக்டிவேகஸ் என்ற இனம் முதன்முதலாகத் தென்படும் மட்டம்தான் அதற்கு அடையாளம். ஒரு மில்லிமீட்டரை எட்டுவதே அரிதான பல் அது.

2012-இல் இதற்கு மறுப்பு வந்தது. அந்த மட்டத்தில் கிடைப்பது ஃபிளக்டிவேகஸ் அல்ல, அதன் நெருங்கிய உறவான வேறோர் இனம். உண்மையான ஃபிளக்டிவேகஸ் இன்னும் மேலேதான் வருகிறது என்று சில ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். இனம் காண்பதில் ஏற்படும் ஒரு கருத்து வேறுபாடு ஒரு புவிக்காலத்தின் எல்லையையே கேள்விக்குள்ளாக்கிவிடும்.

கோனடோன்ட்களை முதலில் விவரித்தவர் கிறிஸ்டியன் பாண்டர். 1856-இல் அவற்றை மீன் பற்கள் என்று கருதினார். முழு உடல் எப்படி இருந்தது என்பது 1983-இல்தான் தெரிந்தது. எடின்பரோ அருகே கிரான்டனில் கிடைத்த, சுமார் 4 செ.மீ. நீளமுள்ள உடல் தடம் விலாங்கு போல நீண்டிருந்தது. இந்த விலங்கின் உடலில் பற்களைத் தவிர எதுவும் கெட்டியாக இல்லை. பற்கள் கால்சியம் பாஸ்பேட்டால் ஆனவை. சுண்ணாம்புக்கல்லோ கால்சியம் கார்பனேட். இந்த வேறுபாடுதான் பற்களைப் பாறையிலிருந்து பிரித்தெடுக்க வழி செய்கிறது.

ஒரு மாதிரிக்கு 2 முதல் 5 கிலோ கல் வேண்டும். அதை 3 முதல் 5 செ.மீ. துண்டுகளாக உடைத்தால் போதும். அதற்கும் பொடியாக்கினால் பற்களும் நொறுங்கும். துண்டுகளை வலைத்தட்டில் வைத்து 10% பார்மிக் அமிலத்தில் அல்லது 10 முதல் 15% அசிட்டிக் அமிலத்தில் தொங்கவிடுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பாஸ்பேட்டையும் கரைத்துவிடும், அதைத் தொடவே கூடாது. 1 கிலோ தூய சுண்ணாம்புக்கல் கரைய 10% பார்மிக் அமிலம் ஏறத்தாழ 9 லிட்டர் செலவாகும். ஆகவே அமிலத்தைப் பல முறை மாற்ற வேண்டியிருக்கும்.

பலர் இடறும் இடம் இதுதான். புது அமிலத்தை அப்படியே ஊற்றினால் பற்களின் மேற்பரப்பு அரிக்கப்படும். நுண்வரிகள் மறையும், மெல்லிய விளிம்புகள் தேயும். கரைசலின் பிஎச் 3.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. முந்தைய சுற்றில் வடித்த கால்சியம் உப்புக் கரைசலைப் புது அமிலத்தோடு கலந்தால் அது பிஎச் எளிதில் மாறாத தாங்கல் கரைசலாகிவிடும். கொஞ்சம் கால்சியம் பாஸ்பேட்டும் சேர்த்தால் பல்லுக்கு இன்னும் பாதுகாப்பு. மக்னீசியம் கலந்த கார்பனேட்டான டோலமைட் பாறை அசிட்டிக் அமிலத்தில் வெகு மெதுவாகத்தான் கரையும். அதற்குப் பார்மிக் அமிலமே நல்லது.

அடியில் தங்கும் கசடை மேலே 1 மி.மீ., கீழே 63 அல்லது 75 மைக்ரான் சல்லடை வைத்துக் கழுவி, மிதமான சூட்டில் உலர்த்த வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் சல்லடையை மெத்திலீன் நீலத்தில் முக்கி எடுக்கும் பழக்கம் நுண்புதைபடிவக் கூடங்களில் உண்டு. கண்ணியில் சிக்கிய பழைய துகள் அடுத்த மாதிரியில் வந்து விழுந்தால் நீல நிறமே அதைக் காட்டிக்கொடுக்கும்.

பிறகு அடர்திரவம். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, கால்சைட் 2.71, பற்கள் 2.84 முதல் 3.1 வரை. சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசலை 2.8 அளவில் வைத்தால் கல்துகள் மிதக்கும், பற்கள் மூழ்கும். டோலமைட்டின் அடர்த்தி 2.86 என்பதால் அதுவும் கூடவே மூழ்கும். அதைத் தவிர்க்கக் கரைசலை அடர்த்தியாக்கினால் இலேசான பற்கள் மிதந்து கைவிட்டுப் போகும். கசடில் கால்சியம் உப்பு மிச்சமிருந்தால் விலையுயர்ந்த இந்தத் திரவம் வெண்படிவாகி வீணாகும். காய்ச்சி வடித்த நீரில் நன்றாகக் கழுவிய பிறகே திரவத்தில் போடுங்கள்.

இனி நுண்ணோக்கி. கறுப்புத் தட்டில் கசடைத் தூவி, ஈரம் தொட்ட மெல்லிய தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஆர்டோவிசியன் காலத் தொடக்கத்தில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை எளிய கூம்புகள். வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கொம்பு, அதாவது பல்லின் முதன்மைக் கூர்முனை, எந்தப் பக்கம் எவ்வளவு வளைகிறது, குறுக்குவெட்டு வட்டமா தட்டையா, பக்கங்களில் முகடோ பள்ளமோ ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பாண்டரோடஸ் என்ற பேரினம் என்றால் பக்கவாட்டில் நெடுகப் பள்ளம் ஓடும்.

உள்ளே இருப்பது அதைவிட முக்கியம். கார்டிலோடஸ் என்ற பேரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பெரிய கொம்பு, அதன் பின்னால் வரிசையாகச் சிறுபற்கள். இனங்களைப் பிரிப்பதில் அடிக்குழியின், அதாவது பல்லின் அடியிலிருந்து உள்ளே ஏறும் குழிவின், வடிவத்துக்குப் பெரும் பங்குண்டு. லிண்ட்ஸ்ட்ரோமி என்ற இனத்தில் குழிக்கு இரண்டு நுனிகள். ஒன்று கொம்புக்குள்ளும் மற்றொன்று முதல் சிறுபல்லுக்கு அடியிலும் ஏறியிருக்கும். ஆங்குலேட்டஸ் இனத்தில் குழியின் முன்விளிம்பு உள்வாங்கி வளையும். பல்லை ஒரு துளி கிளிசரினில் வைத்துக் கீழிருந்து ஒளி விட்டால், தேன்நிறப் பல்லுக்குள் அந்தக் குழி நிழல்போலத் தெரியும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த காட்சி இது.

எல்லாப் பல்லும் தேன்நிறமாக இருக்காது. பாறை புதைந்து சூடேறும்போது பல்லில் உள்ள கரிமப் பொருள் கரியாகிறது. 1977-இல் அனிதா ஹாரிஸும் சகாக்களும் இந்த நிறமாற்றத்தை அளவுகோலாக்கினார்கள்: வெளிர்மஞ்சள் 1, கறுப்பு 5. அளவு 5 என்றால் அந்தப் பாறை 300 டிகிரி செல்சியஸையாவது கண்டிருக்கிறது. எண்ணெய் தேடுவோருக்கு அது நல்ல தகவல். ஆனால் கறுத்த பல்லின் அடிக்குழி கண்ணுக்குத் தெரியாது. உடைந்த பற்களைப் புரட்டிப் பார்க்கவேண்டும், அல்லது எக்ஸ்-கதிர் நுண்வெட்டுப் படம் எடுக்கவேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒற்றைப் பல்லை மட்டும் வைத்துப் பெயரிடக் கூடாது. ஒரு விலங்கின் வாயில் பல வடிவப் பற்கள் இருந்தன; நன்கு அறியப்பட்ட அமைப்பில் 15, தென்னாப்பிரிக்காவில் கிடைத்த பிராமிஸம் என்ற கோனடோன்ட் விலங்கில் 19. விலங்கு செத்ததும் அவை சிதறிவிடும். முற்காலத்தில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயர் வைத்ததால் ஒரே விலங்கு ஐந்தாறு பெயர்களில் உலவியது. 1934-இல் ஒரே பாறைப் பரப்பில் முழுத் தொகுதியாகப் பற்கள் கிடைத்த பிறகும், தொகுதிக்கு ஒரே பெயர் என்ற வழக்கம் 1960-களில்தான் வலுப்பெற்றது. ஆர்டோவிசியன் பாறையில் முழுத் தொகுதி கிடைப்பது மிக அரிது. பல மாதிரிகளில் எந்த வடிவங்கள் சேர்ந்தே வருகின்றன, என்ன விகிதத்தில் வருகின்றன, நிறமும் நுண்வரிகளும் பொருந்துகின்றனவா என்று எண்ணிப் பார்த்தே தொகுதியை உருவாக்கவேண்டும். பத்துப் பல் போதாது.

கிரீன் பாயின்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது ஆழ்கடல் சரிவில் படிந்த பாறை; மேட்டிலிருந்து சரிந்து வந்த சுண்ணாம்புத் துண்டுகளோடு பழைய பற்களும் புதிய அடுக்கில் கலந்திருக்கலாம். அதனால்தான் அங்கே பல்லை மட்டும் நம்புவதில்லை. எல்லைக் கோட்டுக்கு 4.8 மீட்டர் மேலே, நீரில் மிதந்து வாழ்ந்த முதல் கிராப்டோலைட்கள் (கூட்டமாக வாழ்ந்த சிறு கடல் உயிரிகள்) களிப்பாறையில் வருகின்றன. இயாபெட்டோக்னாதஸின் பெயர் மாறினாலும் அந்த அடுக்கை வேறு கண்டங்களில் தேட அவை கைகொடுக்கும்.