குழியில் உட்கார்ந்தால் போதுமா? ரைஃபிள் பிரைமரை மாற்றிப் போடுபவர்களுக்கு

சென்னையில் துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்டு, படிப்புக்கும் வேலைக்குமாக அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போன பிள்ளைகள் பலர் அங்கே சொந்தமாக ரீலோடிங் செய்கிறார்கள்: சுட்ட தோட்டாவின் வெற்று உறையில் (கேஸ்) புது பிரைமர், பவுடர், குண்டு போட்டு மறுபடி தோட்டாவாக்குவது. பிரைமர் என்பது கேஸின் அடிக்குழியில் உட்காரும் சிறு மூடி; ஃபயரிங் பின் என்ற ஊசி அடித்ததும் தீப்பொறி கொடுத்துப் பவுடரைப் பற்றவைப்பது. அவர்களிடமிருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: "சார், பவுடர் அளவு சொல்லும் புக்கில் போட்டிருக்கிற பிரைமர் கிடைக்கல. சைஸ் ஒண்ணுதானே, இருக்கிறதைப் போட்டுக்கலாமா?" கடைசியாகக் கேள்வியோடு ஒரு போட்டோவும் வந்தது. சுட்ட .223 (ஒரு ரைஃபிள் தோட்டா) கேஸ், பிரைமரின் நடுவில் ஊசி நுழையும் ஓட்டை, சுற்றிலும் கரி. போட்டிருந்தது ஸ்மால் பிஸ்டல் பிரைமர்.

சைஸ் ஒன்றுதான், மறுக்கவில்லை. ஸ்மால் ரைஃபிளும் ஸ்மால் பிஸ்டலும் 0.175 அங்குல விட்டம். இரண்டும் ஒரே குழியில் கச்சிதமாக உட்காரும். அங்கேதான் ஏமாறுகிறீர்கள். ஓட்டையில் பொருந்துகிறதே என்று வேறு குக்கரின் சேஃப்டி வால்வை உங்கள் வீட்டுக் குக்கரில் மாட்டுவீர்களா? பிஸ்டல் பிரைமரின் கப், அதாவது வெளி ஓடு, மெல்லிய தகடு. 9 எம்.எம். தோட்டாவின் அழுத்த வரம்பு 35,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு); .223-க்கு அது 55,000. மெல்லிய கப் அதைத் தாங்காமல் கிழிந்தால், சூடான வாயு ஃபயரிங் பின் துளை வழியாகப் பின்னால் பீறிட்டு வரும். பின்னால் இருப்பது உங்கள் கண். கண்ணாடி போடாமல் ரேஞ்சில் நிற்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

லார்ஜ் வகையில் விட்டம் இரண்டுக்கும் 0.210 அங்குலம், ஆனால் உயரம் வேறு. ரைஃபிள் பிரைமர் சுமார் 0.008 அங்குலம் கூடுதல் உயரம். அதைப் பிஸ்டல் கேஸில் அழுத்தினால் வெளியே துருத்தி நிற்கும், போல்ட் (தோட்டாவின் பின்புறத்தை அடைக்கும் பாகம்) மூடும்போதே வெடிக்கலாம்.

"சரி சார், ரைஃபிளுக்கு ரைஃபிள் பிரைமர்தானே போட்டேன்" என்பது அடுத்த வாதம். அதுவும் போதாது. சிசிஐ கம்பெனியின் 400, 450 இரண்டுமே ஸ்மால் ரைஃபிள்தான். 450 மேக்னம், அதன் கப்பும் தடிமன். ரெமிங்டன் 6½ கூட ஸ்மால் ரைஃபிள்தான், ஆனால் .223 போன்ற உயர் அழுத்தத் தோட்டாக்களுக்கு வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். டப்பாவைப் படியுங்கள், தயவுசெய்து.

மேக்னம் பிரைமரின் தீ பெரிது, நீளம். பெரிய கேஸில், மெதுவாக எரியும், உருண்டை மணிகளாக இருக்கும் பவுடருக்கு (ball powder) அது தேவைப்படும். ஸ்டாண்டர்ட் பிரைமரை வைத்து உச்ச அளவுக்குக் கொண்டுபோன லோடில் (பவுடர், குண்டு, பிரைமர் சேர்ந்த கணக்கு) அதை அப்படியே மாற்றினால் அழுத்தம் வரம்பைத் தாண்டலாம். பிரைமர் மாறினால் லோடு புதிது. புக்கின் ஆரம்ப அளவுக்கு இறங்குங்கள். ஆரம்ப அளவு தராத புக் என்றால் உச்சத்திலிருந்து பத்து சதவீதம் குறையுங்கள்: உச்சம் 42 கிரெயின் என்றால் 37.8. ஆனால் பவுடர் கம்பெனி "குறைக்காதே" என்று எழுதியிருந்தால் (ஹெச்110 அப்படி ஒன்று) இந்தக் கணக்கைத் தொடவே தொடாதீர்கள். மேலே ஏறுவது .308-க்கு அரை கிரெயினாக, .223-க்கு 0.2 அல்லது 0.3-ஆக. தராசு கிரெயினில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். 1 கிரெயின் என்பது வெறும் 0.0648 கிராம்.

பிரைமர் தட்டையாகவில்லை, அதனால் அதிக அழுத்தம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தடித்த கப் தட்டையாகாமலே அழுத்தத்தை மறைத்துவிடும். ஃபயரிங் பின் பதிந்த குழியைச் சுற்றி நகத்தில் தட்டுப்படும் விளிம்பு இருக்கிறதா, கேஸின் அடியில் எஜெக்டர் (சுட்ட கேஸை வெளியே தள்ளும் பாகம்) தேய்த்த பளபளப்பு இருக்கிறதா, போல்ட் திறக்க முரண்டு பிடிக்கிறதா என்று பாருங்கள். வேகம் அளக்கும் க்ரோனோகிராஃபில் குண்டின் வேகம் புக்கில் உள்ளதைவிடக் கூடினால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஏஆர்-15, எம்1 கராண்ட் ரைஃபிள்கள் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக. இவற்றில் ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்த ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மூடும் ஒவ்வொரு முறையும் பின் பிரைமரை லேசாகத் தொடும். மெல்லிய கப்போ, மேலே தூக்கி நிற்கும் பிரைமரோ இருந்தால் விசையைத் தொடாமலே வெடிக்கலாம். சிசிஐ 41 (ஸ்மால்), 34 (லார்ஜ்) இதற்காகவே செய்தவை. பிரைமர் கேஸ் மட்டத்துக்குக் கீழே 0.003 முதல் 0.005 அங்குலம் இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் விரலை ஓட்டிப் பாருங்கள்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழல் இலக்கைப் பார்த்தபடியே முப்பது விநாடி இருக்கட்டும், பிறகு திறங்கள். மிச்சப் பிரைமர்களை ஊறுகாய்ப் பாட்டிலில் கொட்டி வைக்காதீர்கள். ஒன்று வெடித்தால் மொத்தமும் வெடிக்கும். அவை வந்த டப்பாவிலேயே, தட்டிலேயே இருக்கட்டும், லாட் எண்ணோடு.

ஊருக்கு வரும்போது "நண்பனுக்குக் கொஞ்சம் பிரைமர்" என்று பெட்டியில் வைத்துக் கிளம்பாதீர்கள். விமானத்தில் அது தடை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும், அதைச் செய்யும் கருவிகளும் தோட்டாவாகவே கணக்கு. உரிமம் இல்லாமல் இங்கே தோட்டா தயாரிப்பது குற்றம். ரீலோடிங் பிரஸ்ஸும் மீனம்பாக்கம் வர வேண்டாம், அங்கேயே இருக்கட்டும்.