தரையைத் தோண்டாமல் நிற்கும் வேலி

2011 பிப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரைத் தாக்கிய நிலநடுக்கம் 185 உயிர்களைப் பறித்தது. அதன்பின் வேலியிட்டு அடைக்கப்பட்ட நகர மையம், சிறிது சிறிதாகத் திறக்கப்பட்டு, 2013 ஜூன் இறுதியில்தான் முழுமையாக மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

இத்தகைய இடங்களில் குழி தோண்டிக் கம்பம் நட முடியாது. மண்ணுக்கடியில் எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எந்த நிலையில் கிடக்கின்றன என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கம்பிவலை பற்றவைத்த தட்டிகளைக் காங்கிரீட் கட்டைகளின் துளைகளில் செருகி, ஒன்றோடொன்று கிளாம்பால் இணைத்து நிறுத்துகிறார்கள். வெளியாள் கழற்றிவிடாதபடி கிளாம்பின் நட்டு உட்புறம் பார்த்திருக்க வேண்டும். கால்விரல் நுழையாத அளவுக்கு வலைக்கண் சிறிதாக இருந்தால் ஏறிக் குதிப்பதும் கடினம்.

ஆனால் இந்த வேலியை அதிகம் சோதிப்பது திருடன் அல்ல, காற்று. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 240 நியூட்டன் அழுத்தம் தரும். 3.5 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள தட்டியில் கம்பிகள் மறைக்கும் பரப்பு எட்டில் ஒரு பங்கு என்று கொண்டால், அதன்மீது விழும் விசை ஏறத்தாழ 210 நியூட்டன். அது சராசரியாக 1 மீட்டர் உயரத்தில் செயல்படுவதால் கவிழ்க்கும் திருப்புத்திறன் (விசையை அது செயல்படும் தொலைவால் பெருக்கிய அளவு) 210 நியூட்டன் மீட்டர். 25 கிலோ கட்டையும் 18 கிலோ தட்டியும் சேர்ந்து, கட்டையின் விளிம்பு தட்டியிலிருந்து 33 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும்போது, சுமார் 140 நியூட்டன் மீட்டர் அளவுக்குத்தான் எதிர்த்து நிற்கும். பின்னால் சாய்வாக ஒரு முட்டுக் கொடுத்து, 1.5 மீட்டர் தொலைவில் அதன் காலில் இன்னொரு கட்டையை ஏற்றினால், அந்த ஒன்று மட்டுமே 375 நியூட்டன் மீட்டர் எதிர்ப்பைச் சேர்க்கிறது. எடையைக் கூட்டுவதைவிட அதைத் தள்ளி வைப்பதே மலிவான வழி.

உள்ளே நடப்பது தெரியாமலிருக்கத் தார்ப்பாய் கட்டினாலோ, வேலி பாய்மரமாகிவிடுகிறது: அதே காற்றில் விசை 1,600 நியூட்டனைத் தாண்டும். முட்டும் கட்டையும் பல மடங்கு கூட்டாமல் தார்ப்பாய் கட்டுவது, என் கணிப்பில், வேலியே போடாததைவிட ஆபத்தானது.

கம்பிவலை மனிதரைத் தடுக்கும். விழும் செங்கல்லைத் தடுக்காது. எனவே சேதமடைந்த கட்டடத்தின் உயரத்தைக் கணக்கில் கொண்டு, பெரும்பாலும் அதைவிடக் கூடுதல் தொலைவில்தான் வேலிக் கோடு அமைய வேண்டும். சாய்ந்து நின்ற 26 மாடி ஹோட்டல் ஒன்றுக்காகக் கிறைஸ்ட்சர்ச்சில் சுற்றிலும் பல தெருக்கள் அடைபட்டது இதனால்தான். அவ்வளவு இடம் விட முடியாத, அந்நகரின் சம்னர் புறநகர்ச் சாலையோரத்தில், மலையிலிருந்து உருளும் பாறைகளைத் தடுக்கச் சரக்குக் கப்பல்களின் இரும்புப் பெட்டகங்களையே சுவராக அடுக்கினார்கள்.