தனுஷ்கோடியில் வடக்கே ஏரி, தெற்கே அலை: ஏன்?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஆகஸ்ட் மாதம் குடும்பத்தோடு காரில் ராமேஸ்வரம் போகிறோம். விடியற்காலையில் கிளம்பி, பாம்பன் பாலத்திலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் கடலோரமாகவே ஓட்டிப் பார்த்துவிட்டு இரவே திரும்புவதாகத் திட்டம். போன தடவை போனபோது சாலைக்கு இடது பக்கம் ஏரி மாதிரி அசையாமல் கிடந்தது, வலது பக்கம் காலை நனைக்கவே பயமாக இருந்தது. நடுவில் இருப்பது ஒரு தார்ச்சாலையும் கொஞ்சம் மணலும்தான். ஒரே கடல்தானே, ஏன் இப்படி? பிள்ளைகளை எந்தப் பக்கம் இறக்கலாம்?"

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. அந்தச் சாலையில் போகும் ஆயிரக்கணக்கான பேர் பார்த்துவிட்டு, "இது பெண் கடல், அது ஆண் கடல்" என்று ஆட்டோக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பெயர்களுக்குள் நல்ல இயற்பியல் இருக்கிறது.

புவியியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நடுவே பாம்பன் தீவு, அதன் வாலாகத் தென்கிழக்கே நீளும் மணல் திட்டுதான் தனுஷ்கோடி. வால் முடியும் இடம் அரிச்சல்முனை. அங்கிருந்து தலைமன்னார் வரைக்கும் சுமார் 30 கிலோமீட்டருக்கு மணல் திட்டுகளின் வரிசை. ஆக, தமிழகக் கரை, தீவு, திட்டுகள், இலங்கை எல்லாம் சேர்ந்து பாக் விரிகுடாவுக்குத் தெற்கே ஒரு வேலி போட்டிருக்கின்றன. உள்ளே ஆழமும் குறைவு, பெரும்பகுதியில் 10 மீட்டரை ஒட்டித்தான். தெற்கே மன்னார் வளைகுடா அப்படியில்லை. போகப் போக ஆயிரம் மீட்டரைத் தாண்டி இறங்குகிறது, இந்தியப் பெருங்கடலோடு நேராகத் திறந்து கிடக்கிறது. அரிச்சல்முனைப் பக்கம் நின்று நேர் தெற்கே கோடு இழுத்தால், அண்டார்டிகா வரை நிலமே குறுக்கிடாது.

இப்போது அலை எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். உங்கள் ஊர் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு முந்நூறு மீட்டர் அளவு. நிறைந்திருக்கும் நாளில் ஆடிக் காற்று எவ்வளவு பலமாக அடித்தாலும், அந்தத் தண்ணீரில் ஆள் உயர அலை எழும்பி யாராவது பார்த்திருக்கிறார்களா? சுருக்கம் சுருக்கமாகச் சிற்றலை வரும், அவ்வளவுதான். காற்றுக்குப் பலம் போதாமல் இல்லை, ஓடுவதற்கு இடம் போதவில்லை.

காற்று வழவழப்பான தண்ணீர்மேல் போகும்போது முதலில் அதற்குப் பிடிமானமே கிடையாது. சின்னச் சின்னச் சிலிர்ப்பு எழும்பும். எழும்பிய சிலிர்ப்புக்கு ஒரு முதுகு இருக்கிறதல்லவா, அதில் காற்று மோதித் தள்ளும். தள்ளினால் உயரம் கூடும், உயரம் கூடினால் பிடிமானம் கூடும், பிடிமானம் கூடினால் இன்னும் வலுவாகத் தள்ளும். ஊஞ்சலைத் தள்ளுகிற மாதிரிதான். ஒரே தள்ளில் உச்சிக்குப் போகாது, திரும்பத் திரும்பத் தள்ள வேண்டும். ஆனால் தள்ளு வாங்கிக்கொண்டே அலை முன்னால் ஓடிக்கொண்டும் இருக்கிறது. அதனால் அது வளர நேரம் வேண்டும், தடையில்லாத தண்ணீர்ப் பரப்பும் வேண்டும். அந்தத் தண்ணீர்ப் பரப்பின் நீளத்தைக் கடலியலில் ஃபெட்ச் என்பார்கள். நான் காற்றின் ஓடுதூரம் என்று சொல்லிக்கொள்வேன். காற்றின் வேகம், அது அடிக்கும் நேரம், ஓடுதூரம் ஆகிய மூன்றும்தான் அலையின் உயரத்தை முடிவு செய்கின்றன.

இனி ஆகஸ்ட் மாதத்துக்கு வாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று. தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் மாதக்கணக்கில் விடாமல் வீசும். தென்கரைக்கு வந்து சேரும் காற்று திறந்த கடல்மேல் நெடுந்தூரம் ஓடி, வழியெல்லாம் அலையை வளர்த்துக்கொண்டு வருகிறது. அதே காற்று சாலையைத் தாண்டி வடகரைக்குப் போனால் என்ன ஆகும்? அங்கே அது நிலத்திலிருந்து தண்ணீருக்குள் இறங்குகிறது. கரையோரத் தண்ணீரைப் பொறுத்தவரை ஓடுதூரம் பூஜ்யம்! காற்று முதுகில் அடிக்கும், தலைமுடி முகத்தில் விழும், சட்டை படபடக்கும், ஆனால் எதிரே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். முதல் தடவை இதைக் கவனித்தபோது நான் பத்து நிமிடம் அப்படியே நின்றுவிட்டேன். கணுக்கால் ஆழத்தில் என் கால்விரல்களும், பக்கத்தில் ஒரு நண்டு இழுத்துப் போன கோடும் தெளிவாகத் தெரிந்தன. கொஞ்ச தூரம் தள்ளிப் பார்த்தால் தண்ணீரில் சொரசொரப்பு, அதற்கும் அப்பால் வெள்ளை நுரை. காற்றுக்கு ஓடுதூரம் கிடைக்கக் கிடைக்க அலை வளர்வது ஒரே பார்வையில் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் வரைபடம் போட்டுச் சொல்லவேண்டிய விஷயத்தைக் கடல் அங்கே தானே வரைந்து காட்டுகிறது.

அப்படியானால் காற்று திரும்பினால்? திரும்பத்தான் செய்கிறது. அக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது வடகரைதான் காற்றுக்கு முகம் கொடுக்கும். "சாந்தமான" பெண் கடல் கலங்கிக் கொந்தளிக்க, தென்கரை தணிந்துவிடும். தீவின் மீனவர்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். எந்த மாதத்தில் எந்தப் பக்கம் வள்ளத்தை இறக்குவது என்பதே அவர்களுக்கு இதை வைத்துத்தான்.

ஆனால் இரண்டு கடலும் சரிக்குச் சமமாக இடம் மாற்றிக்கொள்வதில்லை. பாக் விரிகுடாவில் அதிகபட்ச ஓடுதூரமே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஆழமும் குறைவு. ஓர் அலை, தன் நீளத்தில் பாதிக்கும் குறைவான ஆழத்துக்கு வந்துவிட்டால் அடித்தரையை உணர ஆரம்பித்துவிடும். 10 மீட்டர் ஆழத்தில் 20 மீட்டர் நீளமுள்ள அலையே தரையைத் தொட்டுவிடுகிறது. அதனால் அங்கே வருபவை குட்டையாக, நெருக்கமாக, படபடவென்று அடிக்கும் அலைகள். காற்று நின்றால் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். தென்கடலில் காற்றே இல்லாத நாளிலும் நீளமான அலைகள் மெதுவாக வந்துகொண்டிருக்கும், ஏனென்றால் அவை உள்ளூர் அலைகளே அல்ல. ஸ்வெல் எனப்படும் இவற்றில் சில, தென்பெருங்கடல் புயல்களில் பிறந்து ஆறாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து வருபவை. 18 விநாடிக்கு ஒன்று வரும் அலையின் ஆற்றல் மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். நீங்கள் அந்தச் சாலையில் கார் ஓட்டும் வேகம்தான்! இரவு பகலாக ஓடிவந்தால் ஐந்து நாளில் இங்கே சேர்ந்துவிடும். ஆண் கடல் என்ற பெயர் வருஷம் முழுக்கத் தென்பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கரையில் நின்று, கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, பத்து அலைகள் வந்து உடைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணுங்கள். பத்தால் வகுத்தால் ஓர் அலைக்கான நேரம். அதை அதாலேயே பெருக்கி ஒன்றரையால் பெருக்கினால், ஆழ்கடலில் அந்த அலைக்கு இருந்த நீளம் மீட்டரில் வந்துவிடும். 10 விநாடி என்றால் 150 மீட்டர், 4 விநாடி என்றால் வெறும் 24 மீட்டர். பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள், ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் ஓடுவார்கள்.

சரி, எந்தப் பக்கம் இறங்கலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். ஆகஸ்டில் வடகரை, முழங்கால் ஆழம் வரை. ஆனால் ஒன்றைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். அலை இல்லாததால் அங்கே ஆபத்து இல்லை என்று அர்த்தம் இல்லை. காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது என்று சொன்னேனே, காற்றடைத்த ட்யூபில் குழந்தையை உட்கார வைத்தால் அது சத்தமே இல்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். ட்யூபை காரிலேயே வைத்துவிடுங்கள். தென்கரையைப் பார்த்து ரசிக்கலாம். அலை கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் ஏதோ ஓர் இடைவெளி வழியாக வேகமாகத் திரும்பிப் போகும், அது ஆளை இழுத்துவிடும். அரிச்சல்முனையில் எந்தப் பருவத்திலும் இறங்கவே வேண்டாம்.

முனையில் நின்று பார்க்க வேண்டியது வேறு. இரண்டு பக்க அலைகளும் அங்கே குறுக்கும் நெடுக்குமாகச் சந்திக்கின்றன. மோதிக்கொள்ளும் இடத்தில் கூம்பு மாதிரித் தண்ணீர் எழும்புகிறது. அடுத்த நொடி, எதுவுமே நடக்காத மாதிரி ஒவ்வோர் அலையும் தன் திசையில் போய்க்கொண்டே இருக்கிறது. உயரங்கள் ஒரு கணம் கூடிக்கொள்கின்றன, பிறகு பிரிந்துவிடுகின்றன. ஒலி அலையும் ஒளி அலையும் இப்படித்தான் ஒன்றையொன்று ஊடுருவிப் போகின்றன. அவற்றைக் கண்ணால் பார்க்க முடியாது, இதைப் பார்க்கலாம். அந்த மணல் முனையே அலைகள் செய்ததுதான். சாய்வாக வரும் அலை மணலைச் சாய்வாகக் கரையேற்றி, நேராகக் கீழே இழுக்கும். ஒவ்வொரு தடவையும் மணல் ஓர் அடி பக்கவாட்டில் நகரும். காற்று மாறும்போது நகரும் திசையும் மாறுவதால், நீங்கள் போன தடவை பார்த்த முனையின் வடிவம் இந்தத் தடவை இருக்காது.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலை இங்கே சொல்லாமல் போக முடியாது. ஆழம் குறைந்த கடலில் புயல் தள்ளும் தண்ணீருக்குக் கீழே போக வழியில்லை, கரைமேல்தான் ஏறும். பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலோடு தனுஷ்கோடி ஊரே போனது. சாலையோரம் நிற்கும் தேவாலயச் சுவரைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

ராமேஸ்வரத்தில் தொட்டியில் மிதக்கும் கல்லைக் காட்டுவார்கள். உள்ளே காற்றறைகள் நிறைந்த எந்தக் கல்லும், அதன் மொத்த எடை அதே அளவு தண்ணீரின் எடையைவிடக் குறைவாக இருந்தால் மிதக்கும். எரிமலை நுரைக்கல் மிதக்கும், காய்ந்த சில பவளத் துண்டுகளும் மிதக்கும். கும்பிடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அற்புதம் என்று பிள்ளையிடம் சொல்லி முடித்துக்கொண்டால், அதற்கு ஆர்க்கிமிடீஸைச் சொல்லிக்கொடுக்கக் கிடைத்த அருமையான வாய்ப்பு போய்விடுகிறது. தவிர, பவளத்தை விலைக்கு வாங்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்குக் கொடுத்த அதே பாதுகாப்பு.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. கள்ளக்கடல் என்று மீனவர்கள் சொல்லும் அந்த நெடுந்தூர அலை பற்றி ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் (இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம்) முன்கூட்டியே எச்சரித்திருந்தது. அறிவியல் தன் வேலையைச் செய்திருந்தது, செய்தி கரையில் நின்றவர்கள் காதுக்குப் போய்ச் சேரவில்லை. அலை அளக்கும் மிதவைகளுக்கும், அந்தத் தகவலைத் தமிழில் ஒவ்வொரு கடற்கரைக்கும் கொண்டுசேர்ப்பதற்கும் இன்னும் நிறையப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்பகாலத்தில் பல ஆண்டுகள் இயங்கியது மண்டபத்தில்தான், நீங்கள் பாலம் ஏறும் முன் கடக்கும் அதே ஊர். அந்த மண்ணுக்குக் கடலாராய்ச்சி புதிதில்லை.

கிளம்பும் முன் இன்காய்ஸ் தளத்தில் ராமநாதபுரம் மாவட்டத்துக்கான அலை முன்னறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். பெட்ரோலும் குடிதண்ணீரும் ராமேஸ்வரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், அப்புறம் வழியில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். மதியத்துக்கு மேல் கடற்காற்றும் சேர்ந்துகொண்டு மணலை வாரி இறைக்கும், அதனால் முனையைக் காலையிலேயே பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் கோயில், பாம்பன் என்று வைத்துக்கொள்வது நல்லது. மாலையில் எப்படியும் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காரைத் தாரைவிட்டு மணலில் இறக்காதீர்கள், சக்கரம் புதைந்துவிடும். பாம்பன் சாலைப் பாலத்தில் போகும்போது, பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளை ஒரு ஜன்னலுக்கு ஒருவராக உட்கார வைத்து, எந்தப் பக்கம் நுரை அதிகம் என்று கேளுங்கள். டிசம்பரில் இன்னொரு தடவை போனால், அதே ஜன்னல்களில் அதே பிள்ளைகளை உட்கார வைத்து அதே கேள்வியைக் கேளுங்கள்.