மானுடவியல் பட்டமும் 64,910 டாலரும்

கல்லூரிக் கடன் வாங்கப்போகும் குடும்பங்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுவது அமெரிக்காவில் என் பிழைப்பு. மானுடவியல் என்று பிள்ளை சொன்னதும் முகம் சுளிக்கும் பெற்றோரைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அண்மையில் வந்த ஒரு அப்பா அதற்கு நேர்மாறு. கையில் ஒரு தாள், அதில் சிவப்பு மையால் வட்டமிட்ட ஓர் எண்: 64,910. "வருஷத்துக்கு இவ்வளவு வரும்னா தைரியமா கடன் வாங்கலாமே சார்?" என்றார். மகள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

எண் பொய்யில்லை. மானுடவியலாளர், தொல்லியலாளர் இருவருக்குமாகச் சேர்த்து அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை 2024க்குக் கொடுத்திருக்கும் இடைநிலை ஆண்டுச் சம்பளம் அது. அதாவது, எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவர் வாங்குவது. ஆனால் அந்த வரிசையில் நிற்பவர்கள் நாடு முழுவதும் பத்தாயிரம் பேர்கூட இல்லை. வேலைக்குள் நுழையவே பொதுவாக முதுநிலைப் பட்டம் தேவை என்றும் அதே துறை சொல்கிறது. இளநிலையோடு வெளியே வருகிறவர்கள் பெரும்பாலும் மனிதவளம், சமூகசேவை, சந்தை ஆய்வு, அருங்காட்சியகம், அலுவலக நிர்வாகம் என்று சிதறிப் போகிறார்கள். அவர்கள் சம்பளம் அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் இல்லை.

சரி, பிறகு எதைப் பார்ப்பது? மத்தியக் கல்வித்துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தைத்தான் நான் முதலில் திறப்பேன். குறிப்பிட்ட கல்லூரியில் குறிப்பிட்ட பாடம் படித்து முடித்தவர்களின் சம்பளமும் கடனும் அதில் இருக்கும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. அரசு உதவித்தொகையோ கடனோ பெற்றவர்கள் மட்டுமே அதன் சம்பளக் கணக்கில் வருகிறார்கள். கணக்கெடுக்கும் சமயத்தில் மேற்படிப்பில் இருப்பவர்கள் விடுபடுகிறார்கள். மானுடவியலில் அது சின்ன விஷயமில்லை. துறை சிறியதென்றால் சம்பளக் கட்டம் வெறுமையாகவே இருக்கும். கடன் எண்ணில் தனியார் வங்கிக் கடன் இல்லை. பெற்றோர் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனைத் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும். பிள்ளையின் கடன் கொஞ்சம்தான் என்று நிம்மதியாக இருந்துவிட்டு, தன் தலையில் அதைவிடப் பெரிய கடனைச் சுமக்கும் பெற்றோர்கள் உண்டு.

இப்போது அந்த மகளின் கணக்குக்கு வருவோம். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் தன் பெயரில் அரசிடம் வாங்கக்கூடிய கடன் முதல் ஆண்டில் 5,500, இரண்டாம் ஆண்டில் 6,500, பிறகு ஆண்டுக்கு 7,500 டாலர். நான்கு ஆண்டுக்கு 27,000. 2025-26இன் இளநிலை வட்டி 6.39 சதவீதம். பத்து ஆண்டில் அடைப்பதாக வைத்தால் மாதத் தவணை சுமார் 305 டாலர். கடினம்தான், ஆனால் சாதாரண முதல் வேலைச் சம்பளத்தில் சமாளிக்கலாம். மொத்தக் கடன் முதல் ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்று எங்கள் தொழிலில் ஒரு பழைய அளவுகோல் உண்டு. அதற்குள்ளும் இது அடங்கிவிடும்.

கத்தி விழுவது அடுத்த படியில்தான். இளநிலையை வைத்து நினைத்த வேலை கிடைக்கவில்லை என்றதும் முதுநிலைக்கு ஓடுகிறார்கள். அரசுக் கடன் ஆண்டுக்கு அதிகபட்சம் 20,500 வீதம் இரண்டு ஆண்டுக்கு 41,000 டாலர், அதே 2025-26இல் வட்டி 7.94 சதவீதம். இதற்கு மட்டும் மாதம் 496 டாலர் போகும். பழையதையும் சேர்த்தால் மாதம் 800, மொத்தக் கடன் 68,000. அந்த 64,910ஐ இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுவும் தொழிலில் பழகியவர்களையும் சேர்த்த நடு எண், புதிதாக நுழைகிறவரின் சம்பளம் இல்லை.

முதுநிலை, முனைவர் படிப்பின் செலவு முழுவதையும் ஈடுகட்டக் கைகொடுத்த கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன், 2025 சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்குக் கிடையாது. மிச்சத்துக்குத் தனியார் வங்கியைத் தேடிப் போனால் வருமானத்துக்கேற்ற தவணையும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. என்னைக் கேட்டால், மானுடவியலில் சொந்தக் காசு போட்டோ கடன் வாங்கியோ முனைவர் பட்டத்துக்குப் போகவே கூடாது. கட்டண விலக்கும் உதவித்தொகையும் தருகிற இடம் கிடைத்தால் போகலாம். அப்போதும் இளநிலைக் கடனில் மானியமில்லாத பகுதிக்கு, அதாவது படிக்கும் காலத்து வட்டியை அரசு ஏற்காத பகுதிக்கு, வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

தொல்லியல் பக்கம் சாய்பவர்களுக்கு இரண்டு விஷயம். 1966இன் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தால்தான் இங்கே அகழாய்வு வேலைகளே நிறைய இருக்கின்றன. மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ள திட்டமென்றால், வரலாற்றுச் சின்னங்களுக்குச் சேதம் வருமா என்று முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். அந்த வேலைக்குக் களப்பயிற்சி முடித்தவர்களைத்தான் பொதுவாக எடுப்பார்கள். பயிற்சிக்குக் கட்டணமும் உண்டு, அந்தக் கோடையில் சம்பாதிப்பதும் போகும். கல்லூரி அனுப்பும் செலவுப் பட்டியலில் இது பெரும்பாலும் இருக்காது. இரண்டாவது, பொதுச்சேவைக் கடன் தள்ளுபடி. அரசிலோ தகுதியுள்ள லாபநோக்கற்ற நிறுவனத்திலோ முழுநேர வேலையில் இருந்தபடி வருமானத்துக்கேற்ற மாதத் தவணையாக 120 கட்டினால் மிச்ச அரசுக் கடன் தள்ளுபடி. மாநிலப் பூங்காத் துறைக்காகத் தோண்டினால் அது கணக்கில் வரும். அதே மண்ணை அதே கரண்டியால் ஒரு தனியார் நிறுவனத்துக்காகத் தோண்டினால் வராது. வேலையில் சேரும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அப்பா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதுவரை வாய் திறக்காத மகள் தன் போனை என் பக்கம் திருப்பினாள். சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம். மூன்று வாரமாக வைத்திருக்கிறாள், வீட்டில் சொல்லவில்லை. அங்கே மானுடவியலோடு புள்ளியியலைத் துணைப்பாடமாக எடுக்கலாம், பெற்றோர் பெயரில் கடன் தேவைப்படாது. "அப்பா பெரிய காலேஜ்னுதான் ஆசைப்பட்டாங்க, அதான்" என்றாள். அவர் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கடிதத்தை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.